கவிழ்த்து வைத்த மங்கு

அந்தக் காணொளியில் நான் பதினோரு நிமிடம் பேசுகிறேன். ஏழாவது நிமிடத்தில் ஒரு சிரிப்புச் சிரிக்கிறேன். தோளில் போர்த்திய பொன்னாடை நழுவ, அதை ஒரு கையால் இழுத்துவிட்டுக்கொண்டு, ஏதோ புதையலைத் தோண்டி எடுத்தவளைப் போல் கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கிறேன். அந்த இடம் வந்ததும் நிறுத்திவிடுவேன். இருந்தும் பலமுறை போட்டுப் பார்த்துவிட்டேன். சொத்தைப் பல்லை நாக்கால் துழாவிக்கொண்டே இருப்போமே, அதுபோலத்தான்.

நான் மலேசியாவில், ஈப்போ நகரத்து இடைநிலைப் பள்ளியில் தமிழ் இலக்கியம் கற்பித்தவள். ஓய்வு பெற்ற பிறகு அதே ஊரில் சிலிபின் வட்டாரத்தில் என் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் நான்கு மேசைகளைப் போட்டு, சனிக்கிழமைகளில் டியூஷன் நடத்துகிறேன். நாவலானாலும் நாடகமானாலும் என்னிடம் மூன்று டப்பாக்கள் இருந்தன: பாத்திரம், போராட்டம், குறியீடு. எந்தக் கதையைக் கொடுத்தாலும் வெட்டி, பங்கு பிரித்து, டப்பாவில் போட்டு மூடிவிடுவேன். மழை பெய்தால் சோகம். விளக்கு அணைந்தால் மரணம். கூண்டில் கிளி இருந்தால் பெண்ணடிமை. பிள்ளைகள் அதை மந்திரம்போல் ஒப்பித்து, தேர்வில் எழுதி, நல்ல புள்ளியும் வாங்கினார்கள். கிளி வெறும் கிளியாக இருக்கக்கூடும் என்று ஒரு பிள்ளைக்கும் நான் சொன்னதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தேன். ஒரு பாத்திரத்தைக் கோழை என்றோ கள்ளன் என்றோ எழுதினால் அதை எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தார்கள் என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஓரத்தில் சிவப்பு மையில் 'ஆதாரம் எங்கே?' என்று எழுதுவேன். என் காலத்தில் எத்தனை சிவப்புப் பேனாக்கள் அதற்காகவே தீர்ந்திருக்கும் என்று தெரியவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு வெளியே எனக்கு இன்னொரு பெயர் இருந்தது. எங்கள் வட்டாரத்தில் நூல் வெளியீடு என்றால் குத்துவிளக்கு, தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, அதற்குப் பிறகு ஆய்வுரை. அந்த ஆய்வுரைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதற்கு எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. நூலைக் குறை சொல்லக் கூடாது, ஏனென்றால் நாளைக்கு அந்த எழுத்தாளர் நம் நூல் வெளியீட்டுக்கு வந்து உட்கார வேண்டும். ஆனால் வெறுமனே புகழ்ந்தால் கூட்டம் கைப்பேசியை எடுத்துவிடும். ஆகவே யாரும் கவனிக்காத ஒரு மறைபொருளைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். 'டீச்சர் சொன்ன பெறகுதான் புரிஞ்சிச்சி' என்று சாப்பாட்டு வரிசையில் நான்கு பேராவது சொன்னால்தான் எனக்குச் சோறு இறங்கும். இத்தனை அற்பமாகத்தான் நான் இருந்தேன். பூசி மெழுகுவதில் இனிப் பயனில்லை.

அந்தக் காணொளியில் நான் பேசும் நாவலை எழுதியவர் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அதுதான் அவருடைய முதல் நூல். ஆயர் தாவார் பக்கத்தில் அவர் பிறந்து வளர்ந்த ரப்பர்த் தோட்டத்தைப் பற்றியது. இப்போது அங்கே ரப்பர் கிடையாது, எல்லாம் செம்பனை. தோட்டத்து ஜனங்கள் மொத்தமாகப் பக்கத்திலிருந்த தாமானுக்கு, அதாவது மலிவு விலை வீட்டுக் குடியிருப்புக்கு, குடிபோய்விட்டார்கள். தோட்டத்து லய வரிசை வீடுகளில் அடுத்தடுத்து இருந்தவர்கள் தாமானிலும் அடுத்தடுத்து இருக்கிறார்கள்.

கதாநாயகி ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டுத் தொழிலாளி. கணவன் விட்டுவிட்டுப் போய்விட்டான். அவள் தனியாகப் பால் வெட்டித் தன் தம்பியை வளர்க்கிறாள். தோட்ட அலுவலகத்துக் கிராணி, அதாவது கணக்கெழுதுகிறவர், அவள்மேல் இரக்கப்பட்டு, ரோட்டோரத்தில் நல்ல மரங்கள் இருக்கும் பால்வெட்டுப் பகுதியை அவளுக்கு ஒதுக்கிக் கொடுக்கிறார். தம்பி படித்து ஆளாகிறான். அவ்வளவுதான் கதை. எளிமையாக, கொஞ்சம் சலிப்பாக, உண்மையாக இருந்தது. எனக்கு அதில் சொல்வதற்கு ஒன்றும் அகப்படவில்லை.

நிகழ்ச்சி நடக்கும் நாளன்றுகூட நான் நாவலை முடித்திருக்கவில்லை. மண்டபத்துக்கு எதிரே இருந்த முஸ்லிம் கடையில் தே தாரிக் என்ற பால் தேநீர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, கடைசி ஐம்பது பக்கங்களை விரலால் தள்ளிக்கொண்டிருந்தேன். போராட்டம் என்ற டப்பா காலியாக இருந்தது. குறியீடு என்ற டப்பாவில் தூசிகூட இல்லை. அப்போதுதான் இரண்டு வாக்கியங்கள் கண்ணில் பட்டன. 'பால் எடுத்து முடித்து, ரோட்டோர மரங்களின் மங்குகளைக் கவிழ்த்து வைத்தாள். கிராணி மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கமாகப் போனார்.'

மங்கு என்பது ரப்பர் மரத்தில் பால் வடிந்து விழுவதற்காகக் கம்பியில் உட்கார்த்தி வைக்கும் கிண்ணம். நான் அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் கோடு போட்டேன். தேநீர் ஆறிவிட்டது. என் மூளை மட்டும் சூடாக இருந்தது.

அரை மணி நேரம் கழித்து மேடையில் நான் சொன்னது இதுதான்: "அவையோரே, அவள் ஏன் ரோட்டோரத்து மங்குகளைக் கவிழ்க்கிறாள்? சரியாக அப்போது கிராணி ஏன் அந்த வழியே வருகிறார்? கவிழ்ந்த மங்கு ஓர் அழைப்பு. நிமிர்ந்த மங்கு ஒரு மறுப்பு. கணவனால் கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் அகப்போராட்டத்தை, வாய்விட்டுச் சொல்ல முடியாத அவளுடைய உறவை, நாவலாசிரியர் ஒரு பீங்கான் கிண்ணத்துக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்." இங்கேதான் அந்தச் சிரிப்பு. கூட்டம் 'ஆ' என்றது. கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று. நான் காத்திருந்தேன், அதுவும் காணொளியில் இருக்கிறது.

எனக்குப் பிறகு நாவலாசிரியர் ஏற்புரைக்கு எழுந்தார். தழுதழுத்த குரலில் பேசினார். கடைசியில், முன்வரிசையில் நீலச் சேலை கட்டி உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளைக் கைகாட்டி, "இந்தக் கதையில வர்ற பொம்பள வேற யாரும் இல்ல, எங்க அக்காதான்" என்றார்.

மண்டபமே திரும்பிப் பார்த்தது. வேன் பிடித்து வந்திருந்த அவர்களுடைய தோட்டத்து ஜனங்களும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மாள் மெல்ல எழுந்து கும்பிட்டார். தம்பி அவருக்கு மாலை போட்டார். அப்போதும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் கொஞ்சம் இளிப்பு கலந்திருந்ததை நான் கேட்டேன். கேட்டுவிட்டு, சாப்பாட்டு வரிசையில் போய் நின்றேன். நான்கு பேருக்கு மேலேயே வந்து பாராட்டினார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அந்த அக்கா என் வீட்டு வாசலில் நின்றார். ஆயர் தாவாரிலிருந்து பஸ் ஏறி ஈப்போவுக்கு வந்து, அங்கிருந்து கிராப் டாக்சி பிடித்து விசாரித்து வந்திருந்தார். பிளாஸ்டிக் பையில் சுற்றிய தம்பியின் நாவல் கையில் இருந்தது. தண்ணீர் கொடுத்தேன், வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டார். டியூஷன் மேசையில், பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்திருந்த பக்கத்தைத் திறந்தார்.

"டீச்சர், இதுல எங்க இருக்குன்னு காட்டுங்க."

"எதக் காட்டணும்க்கா?"

"நீங்க சொன்னது."

அவர் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, அந்த இரண்டு வாக்கியங்களையும் சத்தமாகப் படித்தார். "இதான? நான் மங்கக் கவுக்கிறேன். அவரு பைக்ல போறாரு. இம்புட்டுதான் போட்டுருக்கு. வேற பக்கத்துல இருக்கா? நான் மூனு தடவ படிச்சேன் டீச்சர். எனக்குக் கண்ணு வேற சரியா தெரியாது, எங்கயாச்சும் வுட்டுட்டேனோ என்னமோ."

நான் இல்லாததை இட்டுக்கட்டியதற்குத் தன் கண்ணைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கூசியது.

"இல்லக்கா. வேற எங்கயும் இல்ல."

"அப்ப எங்கேருந்து எடுத்தீங்க?"

என் சிவப்பு மைக் கேள்வியை அவர் கேட்டுவிட்டார். என் தலைக்கு மேலேதான், சுவரில், மாணவர்களுக்காக நானே 'ஆதாரம் எங்கே?' என்று பெரிய எழுத்தில் எழுதி மாட்டிய அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. வாசகனுக்கு ஒரு சுதந்திரம் உண்டு, பனுவலுக்குப் பல அர்த்தங்கள் உண்டு என்றெல்லாம் மேடையில் அளப்பேன். அதில் ஒரு வார்த்தையாவது அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் நான் மனுஷியே இல்லை. சொல்லவில்லை. அந்த மட்டும் தப்பித்தேன்.

பிறகு அவர் வந்த காரணத்தைச் சொன்னார். கிராணி இறந்து பல வருடமாகிவிட்டது. அவருடைய மனைவி, இன்றைக்கும் எல்லாரும் கிராணியம்மா என்று கூப்பிடுகிறவர், அதே தாமானில் மூன்று வீடு தள்ளி இருக்கிறார். "செவ்வாக்கெழமன்னா ரெண்டு பேரும் ஒன்னாதான் கோயிலுக்குப் போவோம். அவுங்களுக்கு முட்டி வலி, நாந்தான் கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போவேன். எனக்குச் சீனி ஏறி ஆஸ்பத்திரியில கெடந்தப்ப அவுங்கதான் கஞ்சி காச்சி அனுப்புனாங்க. அந்தப் பேச்ச யாரோ அவுங்க பேத்தி போன்ல போட்டுக் காட்டிருக்காங்க. இப்ப நான் போய் நின்னா கேட்டத் தொறக்க மாட்டறாங்க டீச்சர். உள்ள டிவி சத்தம் கேக்குது, தொறக்க மாட்டறாங்க."

அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அழவில்லை, கோபமாகத்தான் இருந்தார். "மத்தவங்க பேசறது பேசிட்டுப் போறாங்க. எனக்கு அவுங்க ஒருத்தவங்க போதும். செத்துப்போன மனுசன் வந்து இல்லன்னு சொல்லவா போறாரு? நீங்கதான சொன்னீங்க, நீங்க வந்து சொல்லுங்க." எழும்போது என்னை ஒருமுறை உற்றுப் பார்த்தார். "மங்க எதுக்குக் கவுக்கிறோம்னு ஒங்களுக்குத் தெரியாதா டீச்சர்?"

"தெரியாதுக்கா" என்றேன்.

"மழ தண்ணி உளுந்துரும். எல தழ உளுந்து அழுக்காயிரும். மறுநா வெட்டுற பாலு கெட்டுப்போவும். அதான்." பிறகு அவராகவே என்னை மன்னித்தார். "நீங்க டவுன்ல பொறந்தவங்களா இருப்பீங்க. ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்."

இந்தக் கதையில் நான் செய்த ஆக அசிங்கமான காரியம் மேடையில் பேசியது அல்ல, இந்தப் பொய்தான். நான் தாப்பா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். என் அம்மா பால் வெட்டியவள். பள்ளி விடுமுறையில் கொசுக்கடியில் அம்மாவின் பின்னாலேயே போவேன். பாலை அம்மா வாளியில் ஊற்றி முன்னே போகப் போக, பின்னால் மங்குகளைத் துடைத்துக் கவிழ்ப்பது என் வேலை. கெட்டுப்போன பாலின் நாற்றம் பள்ளிக்கூடத்தில்கூட என் கையில் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். அந்த நாற்றத்தை ஒழிக்கத்தான் படித்தேன், ஈப்போவுக்கு வந்தேன், சேலையும் பொன்னாடையுமாக மேடை ஏறினேன். தேநீர்க் கடையில் அந்த வாக்கியங்களுக்குக் கோடு போட்டபோது மங்கை ஏன் கவிழ்ப்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததைச் சொன்னால் யார் கைதட்டுவார்கள்?

அன்று சாயங்காலம் நாவலாசிரியருக்குப் போன் செய்தேன். அக்கா வந்ததைச் சொல்வதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"டீச்சர், நானே கூப்புடணும்னு இருந்தேன் லா. புக்கு எல்லாம் வித்து முடிஞ்சிருச்சி. எல்லாரும் அந்த மங்கு எந்தப் பக்கத்துலன்னுதான் கேக்கறாங்க. ரெண்டாவது பதிப்புக்கு நீங்க பேசினதயே முன்னுரையா போட்டுக்கவா?"

"அண்ணே, அது உங்க அக்கா."

"அக்கா கதையெல்லாம் படிக்காது டீச்சர். கதன்னா கொஞ்சம் அப்பிடி இப்பிடி இருக்கத்தான செய்யும்."

"எழுதும்போது நீங்க அப்படி நெனச்சீங்களா?"

"நெனைக்கல. ஆனா நீங்க சொன்ன பெறகு, நெனச்சித்தான் எழுதியிருக்கேனோன்னு தோணுது" என்றார். அந்தக் குரலில் ஒரு பெருமிதம் இருந்தது. அவருக்கு அந்தப் பெருமிதத்தை ஊட்டியவள் நான். முன்னுரையும் கிடையாது ஒன்றும் கிடையாது, அந்தப் பேச்சை அச்சில் போட்டால் பொய் என்று ஊரெல்லாம் சொல்வேன் என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். தன்னை வளர்ப்பதற்காக மரம் மரமாக ஓடிய அக்காளை இப்படிக் கைதட்டலுக்கு விற்கிறாரே என்று அருவருப்பாக இருந்தது. உடனே என் ஞாபகமும் வந்தது. அவராவது நான் சொன்ன பிறகுதான் விற்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆயர் தாவாருக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் செம்பனை. போய்ச் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். என் தொழில் புத்தி எவ்வளவு கேவலமானது என்றால், அந்த மன்னிப்புக்கும் தொடக்கம், நடு, முடிவு என்று பிரித்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஊரான சித்தியவான் வரை போய், வழி தவறியதை அறிந்து திரும்பி வந்தேன்.

அக்கா தன் வீட்டு வாசலில் நின்றிருந்தார். கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். மூன்று வீடு தள்ளி நடந்தேன். கேட்டில் பூட்டு தொங்கியது. உள்ளே டிவி ஓடியது. பலமுறை கூப்பிட்ட பிறகு கிராணியம்மா ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு வந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் திருநீறு. என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார், காணொளியில் பார்த்த முகம்தானே. பூட்டைத் திறக்கவில்லை.

"அம்மா, நான் பேசுனது பொய். அந்தக் கதையில அப்படி ஒன்னும் இல்ல. நானா கெளப்பிவிட்டது. உங்க வீட்டுக்காரரையும் அந்த அக்காவையும் பத்தி எனக்கு ஒன்னுமே தெரியாது."

"நீங்க படிச்சவங்க" என்றார். "ஒன்னுமில்லாமலா சொல்லியிருப்பீங்க?"

"ஒன்னுமில்லாமத்தான் சொன்னேன்."

"அவ சொல்லி வந்தீங்களா?" என்று மூன்றாவது வீட்டுப் பக்கம் தலையைத் திருப்பினார். அங்கே அக்கா இன்னும் வாசலில்தான் நின்றிருந்தார். "அன்னைக்கு மைக்குல அவ்வளவு கூட்டத்துல சொன்னீங்க. இன்னைக்கு இங்க கேட்டுக்கு வெளிய நின்னு மெதுவா சொல்றீங்க. எத நான் நம்புறது?"

எவ்வளவு நேர்த்தியான கேள்வி. என் மாணவர்களில் ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. கேட்க நான் விட்டதில்லை. நான் ஒத்திகை பார்த்த மூன்று பகுதியும் அந்த வெயிலில் காணாமல் போயிற்று. எனக்கு இருந்தது ஒரே ஆதாரம்தான். இத்தனை வருடமும் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். அதை எடுத்து வைத்தேன்.

"அம்மா, என் அம்மாவும் பால் வெட்டுனவங்கதான். நானும் பின்னால போயி மங்கக் கவுத்திருக்கேன். எங்கம்மாவும் தெனம் கவுத்துத்தான் வச்சாங்க. எல்லாரும் அப்படித்தான் வைப்பாங்க. மழைக்குத்தான் வைப்பாங்க."

சொல்லி முடித்ததும் உடம்பு லேசாகிவிட்டதைப் போல் இருந்தது. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? கிராணியம்மா என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். முதல்முறையாக அவர் முகம் இளகியதுபோல் இருந்தது. கேட்டுக்கு அருகே ஓரடி வந்தார்.

"ஒங்கம்மாவா? எந்தத் தோட்டம்?"

"தாப்பா பக்கம்மா."

"தெனம் கவுத்து வச்சாங்களா?"

"தெனம்."

அவர் ஊன்றுகோலை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "அங்க கிராணி யாரு?" என்று கேட்டார்.

கேட்டின் கம்பியை இறுகப் பிடித்தேன். என் அம்மா இறந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. முழங்கை வரை பால் காய்ந்த கையோடு என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டியவள். அவளை யாரும் ஒரு சொல் சொன்னது கிடையாது. நாக்கின் நுனிவரை கெட்ட வார்த்தை வந்தது. அந்த மண்டபத்தில் நீலச் சேலையோடு எழுந்து நின்று கும்பிட்ட அக்காவின் நாக்கிலும் இதே வார்த்தைதான் வந்திருக்கும்.

"சும்மா சொல்லுங்க டீச்சர்" என்றார் கிராணியம்மா. "பேரு என்னா?"

தோட்டத்தில் பிறந்த எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்திருப்பதுபோல் எனக்கும் அந்தக் கிராணியின் பெயர் தெரியும். சொன்னால் அது ஆதாரமாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். கிராணியம்மா என் மூடிய வாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எல்லாம் புரிந்ததுபோல் மெதுவாகத் தலையை ஆட்டிவிட்டு, டிவி இருந்த பக்கம் திரும்பி நடந்தார்.